வந்தவரைப் பற்றி இருப்பவரிடம் கேட்பது எப்படி

"வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர் யாரையாவது உங்களுக்கு நேரில் தெரியுமா? நண்பர், உறவினர், அக்கம்பக்கத்தார், கூட வேலை செய்பவர்?" என்று கேட்டேன். "ஒருத்தரைக்கூடத் தெரியாது" என்றார். ஓய்வுபெற்ற ஓட்டுநர் அவர். அதற்கு முன்பு இருபது நிமிடம் குடியேறிகளைப் பற்றிக் காரசாரமாகப் பேசியிருந்தார். 'இல்லை' என்ற கட்டத்தில் நான் குறி போட்டுக்கொண்டிருந்தபோது, கதவைத் தட்டாமலே ஒருவர் உள்ளே வந்தார். மேசைமேல் ஒரு சாவியை வைத்தார். "குழாயைச் சரி பண்ணிட்டாங்க, நாளைக்கு ஒரு தடவை பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வளர்ந்த பிறகு இந்த மொழியைக் கற்றவர் என்று உச்சரிப்பிலேயே தெரிந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "இவர் வெளியிலிருந்து வந்தவர் இல்லையா?" ஓட்டுநர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இவரா? இவர் எதிர்வீட்டுக்காரர்!"

அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட சொல்லுக்கு அவர் மனதில் ஓர் உருவம் இருந்தது. வீட்டுச் சாவியை நம்பிக் கொடுத்த மனிதர் அந்த உருவத்துக்குள் வரவே இல்லை.

17 வருடம் வீடு வீடாகப் போய்க் கருத்துக்கணிப்பு எடுத்திருக்கிறேன். கடைசி ஆறு வருடம் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். குடியேறியவர்களைப் பற்றி அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் என்ன நினைக்கிறார்கள், ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று கேட்கப்போகிற யாருக்கும், மாணவர், நிருபர், சங்கத்துக்காரர் யாராக இருந்தாலும், நான் சொல்லிக்கொடுத்தவற்றை இங்கே எழுதுகிறேன். மாமனாரோடு விவாதம் பண்ணப்போகிறவர்களுக்கும் கொஞ்சம் உதவலாம்.

முதலில் உருவத்தைக் கேளுங்கள்

கருத்தைக் கேட்பதற்கு முன்பு ஒரு கேள்வி: "குடியேறியவர் என்றதும் உங்கள் கண்முன் யார் வருகிறார்?" பதிலை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன செய்துகொண்டிருக்கிறார், எப்படி வந்தார். அவசரப்படுத்தாதீர்கள். பாதிப் பேட்டி இதிலேயே முடிந்துவிடும்.

ஏன் இது முக்கியம் என்றால், அந்த உருவமும் கணக்கும் ஒத்துப்போவது அபூர்வம். 2011இல் பிரிட்டனில் இதையே கேட்டுப் பார்த்தார்கள். மக்கள் மனதில் பெரிதாக நின்றது அடைக்கலம் கேட்டு வந்தவர்கள். அப்போதைய புள்ளிவிவரத்தில் அவர்கள் மிகச் சிறிய பங்கு. அதிகம் வந்துகொண்டிருந்தது படிக்க வந்த மாணவர்கள். மாணவரைக் குடியேறியவராக நினைத்தவர்களோ குறைவு. அதாவது "குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும்" என்று ஒருவர் சொல்லும்போது, அரசு எந்த வரிசையைக் குறைத்தாலும் அவர் நினைத்த வரிசை அதுவாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சொல்லும் உருவத்தை மாற்றும். தமிழில் கேட்கிறவர்களுக்கு இது கூடுதல் தலைவலி. 'குடியேறியவர்' என்றால் பெட்டி படுக்கையோடு வந்து வீடு பிடித்தவர் தெரிகிறார். 'அகதி' என்றால் கூடாரம். 'வெளிநாட்டவர்' என்றால் சுற்றுலாப் பயணிகூட வந்துவிடுவார். 'புலம்பெயர்ந்தவர்' என்றால் நம் ஆள் வெளியே போன கதை. கேட்கிற குரலே இளகிவிடும். 'வந்தேறி' என்று கேட்டால் பதிலையும் நீங்களே எழுதிக்கொள்ளலாம், போக வேண்டிய அவசியமே இல்லை. பேட்டி முழுக்க ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் வேறு சொல்லுக்கு மாறினால் அதைத் திருத்தாமல், மாறிய இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு பெண்மணி பேச்சு முழுக்க 'அவங்க' என்றே சொன்னார், ஒரே ஒரு இடத்தில் 'அந்தப் பிள்ளைங்க' என்றார். பள்ளிக்கூடத்தைப் பற்றிய கேள்வி அது. அந்த ஒரு கேள்வியில் அவர் பதில் மற்ற எல்லாவற்றுக்கும் நேர்மாறாக இருந்தது.

எண்ணிக்கையைக் கேளுங்கள், திருத்தாதீர்கள்

அடுத்து, "நூறு பேரில் எத்தனை பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மிகையாகவே சொல்வார்கள். அலெசினா, மியானோ, ஸ்டான்செவா என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2018இல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்வீடன் ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 22,500 பேரிடம் கேட்டார்கள். ஆறு நாடுகளிலும் மக்கள் சொன்ன எண் உண்மையைவிட மிக அதிகம். கூடவே, வந்தவர்கள் உண்மையில் இருப்பதைவிட ஏழைகள், படிப்புக் குறைந்தவர்கள், அரசு உதவியை அதிகம் நம்பி வாழ்பவர்கள் என்றும் நினைத்தார்கள்.

இங்கேதான் புதியவர்களுக்குக் கை துறுதுறுக்கும். சரியான எண்ணைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். முதல் காரணம், அது உங்கள் வேலை இல்லை. இரண்டாவது, அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அதே ஆய்வில் சிலருக்குச் சரியான எண்ணைச் சொல்லியும் பார்த்தார்கள். ஏழைகளுக்கு அரசு உதவுவதைப் பற்றிய அவர்களுடைய நிலைப்பாடு அதனால் அசையவில்லை. "நாப்பது" என்று சொல்பவர் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை, தன் மனதில் எவ்வளவு இடத்தை அந்த விஷயம் அடைத்திருக்கிறது என்று சொல்கிறார். தெர்மாமீட்டரைப் படிப்பதுபோல அதைப் படியுங்கள்.

கேள்விகளின் வரிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதில் நானே சூடுபட்டவள். ஒருமுறை அவசரத்தில் ஸ்டேப்ளர் போடும்போது கேள்வித்தாள்களில் இரண்டு பக்கங்களை இடம் மாற்றிவிட்டேன். "ஏழைகளுக்கு அரசு எவ்வளவு உதவ வேண்டும்?" என்ற பக்கம் முதலில் வர வேண்டியது, என் தாள்கட்டில் பாதித் தாள்களில் குடியேறியவர்களைப் பற்றிய பக்கம் முன்னே வந்துவிட்டது. மாலையில் தாள்களை அடுக்கும்போதுதான் கவனித்தேன், பக்கம் மாறிய தாள்களில் ஏழைகள்மீது கை இறுகியிருந்தது. இவ்வளவு சிறிய கட்டை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது, மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம். ஆனால் மேலே சொன்ன ஆறு நாட்டு ஆய்வில் இதையே வேண்டுமென்றே செய்தார்கள். குடியேறியவர்களைப் பற்றி முதலில் கேட்டுவிட்டுப் பிறகு உதவித்திட்டங்களைப் பற்றிக் கேட்டால் ஆதரவு குறைந்தது. எந்தத் தகவலும் கொடுக்கவில்லை, வெறுமனே நினைவுபடுத்தினார்கள், அவ்வளவுதான். ஆகவே பக்கங்களை இரண்டு தடவை சரிபாருங்கள். செய்தித்தாளில் வரும் கணிப்புகளைப் படிக்கும்போதும் முந்தைய கேள்வி என்ன என்று தேடுங்கள்.

பையையும் நாட்டையும் பிரித்துக் கேளுங்கள்

"வேலையைப் பறிக்கிறார்கள்" என்ற பதில் எல்லா வீட்டிலும் வரும். எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் நிதானமாக இன்னொன்று கேளுங்கள்: "யாருடைய வேலையை? உங்களுடையதா, உங்களுக்குத் தெரிந்தவருடையதா, பொதுவாகவா?" பத்தில் எட்டுப் பேர் பொதுவாக என்பதில் போய் நிற்பார்கள். இது என் அனுபவக் கணக்கு, அச்சில் போடாதீர்கள்.

ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன. ஜென்ஸ் ஹைன்முல்லர், மைக்கேல் ஹிஸ்காக்ஸ் இருவரும் அமெரிக்காவில் 2007–08இல் நடத்திய கணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேரிடம் திறன் மிகுந்த தொழிலாளர் வருவதைப் பற்றியும், மீதிப் பேரிடம் திறன் குறைந்தவர் வருவதைப் பற்றியும் கேட்டார்கள். தன் வேலைக்குப் போட்டி வருவதுதான் பயம் என்றால் படித்தவர் படித்தவரை எதிர்க்க வேண்டும், உடலுழைப்பாளர் உடலுழைப்பாளரை எதிர்க்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. படித்தவர், படிக்காதவர், பணக்காரர், ஏழை எல்லோருமே திறன் மிகுந்தவர் வருவதைத்தான் விரும்பினார்கள். தன் சட்டைப்பையைவிட நாட்டின் கணக்கைத்தான் மக்கள் போடுகிறார்கள், அதாவது வந்தவர் பொதுப் பானையில் போடுவாரா, எடுப்பாரா என்று.

விதிவிலக்கு உண்டு. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கத் தொழில்நுட்பத் துறை ஊழியர்களிடம் எச்-1பி விசா பற்றிக் கேட்டபோது எதிர்ப்பு மற்றவர்களைவிடத் தெளிவாகக் கூடியிருந்தது. போட்டி உண்மையிலேயே பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டால் பைதான் பேசுகிறது. அதனால்தான் 'யாருடைய வேலை' என்று கேட்கச் சொல்கிறேன்.

வருகிறவர்களால் உண்மையில் கூலி குறைகிறதா என்று உங்களிடம் திருப்பிக் கேட்பார்கள். மாட்டிக்கொள்ளாதீர்கள். 1980இல் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 1,25,000 கியூபர்கள் மரியெல் துறைமுகத்திலிருந்து படகேறி அமெரிக்கா வந்தார்கள். அதனால் மயாமியின் உழைப்பாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 7 சதவீதம் கூடியது. உள்ளூர்க் கூலியில் பெரிய பாதிப்பு இல்லை என்று டேவிட் கார்ட் 1990இல் எழுதினார். பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களின் கூலி விழுந்தது என்று ஜார்ஜ் போர்ஹாஸ் பல ஆண்டு கழித்து மறுத்தார். அறிஞர்களே பல வருடமாக அடித்துக்கொள்ளும் விஷயத்தை வாசலில் நின்று நீங்கள் தீர்க்க முடியாது.

இரண்டு அட்டைகள்

என் பையில் எப்போதும் இருந்த பொருள் இது. பழைய அட்டைகளை வெட்டி நானே எழுதியது. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு கற்பனை மனிதர்: எந்த நாடு, வயது, ஆணா பெண்ணா, என்ன படிப்பு, என்ன வேலை, நம் மொழி எவ்வளவு தெரியும், எதற்காக வருகிறார், முன்பு அனுமதி இல்லாமல் நுழைந்திருக்கிறாரா. இரண்டு அட்டைகளை அருகருகே வைத்து, "இருவரில் ஒருவரைத்தான் அனுமதிக்கலாம் என்றால் யாரை?" என்று கேளுங்கள். விவரங்களைக் கலைத்துக் கலைத்து ஐந்தாறு ஜோடி காட்டுங்கள்.

"நீங்கள் ஆதரவா, எதிர்ப்பா?" என்று கேட்டால் மக்கள் கட்சிக்காரர்களாகிவிடுகிறார்கள். அட்டையைக் கையில் கொடுத்தால் நேர்முகத் தேர்வு நடத்தும் அதிகாரியாகிவிடுகிறார்கள். மூக்குக்கண்ணாடியைத் தேடுவார்கள். "இவர் டாக்டர், ஆனா மொழி தெரியலையே" என்று தனக்குள் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பை எழுதுங்கள். எந்த அட்டையை எடுத்தார் என்பதைவிட எனக்கு அதுதான் அதிகம் சொல்லியிருக்கிறது.

ஹைன்முல்லரும் டேனியல் ஹாப்கின்ஸும் இதே முறையில் அமெரிக்கர்களிடம் கேட்டு 2015இல் வெளியிட்ட முடிவு பலரை ஆச்சரியப்படுத்தியது. பொதுக் கேள்வியில் எலியும் பூனையுமாக நிற்கும் இரண்டு கட்சிக்காரர்களும் அட்டையில் ஏறத்தாழ ஒரே ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள்: படித்தவர், நல்ல வேலையில் இருந்தவர், ஆங்கிலம் பேசுபவர், வந்ததும் உழைக்கத் தயாராக இருப்பவர், சட்டப்படி வருபவர். அடைக்கலம் கேட்டு வருபவர்களைப் பற்றி 15 ஐரோப்பிய நாடுகளில் 18,000 வாக்காளர்களிடம் இதே போலக் கேட்டார்கள். அது 2016இல் வெளியானது. அங்கே மூன்று விஷயம் எடுபட்டது. ஒன்று, வேலை செய்து பிழைப்பாரா. இரண்டு, சொல்லும் துயரக்கதை நம்பும்படி இருக்கிறதா. மூன்று, எந்த மதம். கிறிஸ்தவருக்குச் சாதகமாகவும் முஸ்லிமுக்குப் பாதகமாகவும் தராசு சாய்ந்தது. முதல் இரண்டையும் எல்லோரும் தயங்காமல் சொல்வார்கள். மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அட்டை சொல்லிவிடுகிறது.

காகித விளையாட்டு நிஜத்துக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. சுவிட்சர்லாந்தில் சில ஊர்களில் 2003 வரை ஒரு வழக்கம் இருந்தது. குடியுரிமை கேட்டு விண்ணப்பித்த ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு சிறு குறிப்பை வீடுகளுக்கு அனுப்புவார்கள். ஊர்க்காரர்கள் ரகசிய வாக்குப் போட்டுக் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வார்கள். அட்டையேதான், வெட்டுப்படுவது மட்டும் நிஜ மனிதர். அந்த வாக்கெடுப்புகளை ஆராய்ந்தபோது மற்ற எதையும்விடப் பிறந்த நாடுதான் முடிவைத் தீர்மானித்தது என்று தெரிந்தது. முன்னாள் யுகோஸ்லாவியாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்தவர்கள், மற்ற தகுதிகள் ஒன்றாக இருந்தும், மிக அதிகமாக நிராகரிக்கப்பட்டார்கள். பின்னாளில் அதே வகை விண்ணப்பங்களை வைத்துப் பலவிதக் கணிப்புமுறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேரை அருகருகே காட்டிக் கேட்கும் முறைதான் நிஜ வாக்குக்கு மிக நெருங்கி வந்தது.

அந்தக் கதைக்கு ஒரு வாலும் இருக்கிறது. 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரகசிய வாக்கு கூடாது, நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டும் என்றது. பல ஊர்களில் முடிவு ஊர்மன்றத்தின் கைக்குப் போனது. குடியுரிமை கிடைப்பது கணிசமாகக் கூடியது. ஊரும் அதே ஊர், விண்ணப்பிப்பவர்களும் அதே மாதிரி ஆட்கள், காரணம் எழுத வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் புதிது. ஆகவே அட்டையை எடுத்த பிறகு "ஏன்?" என்று கேட்பது எப்போது என்பதில் கவனம் வேண்டும். முதலிலேயே "காரணமும் சொல்லணும்" என்றால் வேறு பதில் வரும். எல்லா ஜோடியும் முடிந்த பிறகு கேளுங்கள்.

"எப்போதிலிருந்து?" என்று கேளுங்கள்

தெருவில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதைவிட எவ்வளவு வேகமாக வந்தார்கள் என்பதுதான் பேச்சில் அனல் கிளப்பும். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறுவதா என்று பிரிட்டனில் வாக்கெடுப்பு நடந்தபோது, வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிக அதிகமாக வாழும் லண்டன் ஒன்றியத்திலேயே இருக்கலாம் என்றது. வெளியேறலாம் என்று அதிகபட்சமாக 75.6 சதவீதம் வாக்களித்த இடம் லிங்கன்ஷயரில் உள்ள பாஸ்டன் என்ற சிற்றூர். 2004க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்கள் சில ஆண்டுகளிலேயே பெருமளவில் வந்து சேர்ந்த ஊர் அது.

இன்னொரு பாஸ்டனும் இந்தக் கதையில் உண்டு, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம். ரயன் ஈனோஸ் என்ற ஆய்வாளர் அந்த நகரத்தின் புறநகர் ரயில் நிலையங்களுக்கு ஸ்பானிஷ் பேசும் இளைஞர்களை இருவர் இருவராக, தினமும் அதே நேரத்துக்கு அனுப்பினார். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ரயிலில் தினமும் போகிறவர்களிடம் முன்னும் பின்னும் கணிப்பு எடுத்தார். மூன்று நாளில் குடியேற்றத்தைப் பற்றிய அவர்களுடைய கருத்து கடுமையானது. பத்து நாள் ஆனபோது அந்தக் கடுமை கொஞ்சம் தணிந்திருந்தது. இரண்டே இரண்டு புது முகங்கள், இத்தனைக்கும் அங்கே பொதுவாகத் தாராளக் கருத்துள்ளவர்கள் அதிகம். 2014இல் இதைப் படித்தபோது என் பழைய தாள்களில் 'எப்போதிலிருந்து' என்ற கேள்வியே இல்லையே என்று நொந்துகொண்டேன்.

பார்ப்பது வேறு, பழகுவது வேறு. இதையும் பிரித்துக் கேளுங்கள். 2015இல் ஏஜியன் கடலைத் தாண்டி வந்த அகதிகள் இறங்கிப் பிறகு நகர்ந்துபோன கிரேக்கத் தீவுகளில், உள்ளூர்க்காரர்களின் மனம் மற்ற தீவுகளைவிடக் கசந்தது என்று ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டு ஆஸ்திரியாவின் மேல் ஆஸ்திரியா மாநிலத்தில், அகதிகளைத் தங்கவைத்துக் கூட வாழ்ந்த ஊர்களில் குடியேற்ற எதிர்ப்புக் கட்சிக்கு வாக்கு குறைந்தது. அவர்கள் வழியாகக் கடந்து மட்டும் போன ஊர்களில் கூடியது. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதிய நிபந்தனைகளை நினைத்துப் பாருங்கள்: சமமான நிலை, பொதுவான நோக்கம், சேர்ந்து செய்யும் வேலை, மேலிடத்தின் ஆதரவு. இவை இருந்தால் பழக்கம் காழ்ப்பைக் குறைக்கும் என்றார். ஜன்னல் வழியாகக் கூட்டம் போவதைப் பார்ப்பதில் இதில் ஒன்றுகூட இல்லை.

ஆனால் பழகினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதிவிட எனக்குக் கை வரவில்லை. சாவிக்காரர் ஞாபகம் வருகிறார். எதிர்வீட்டுக்காரரோடு வந்த நெருக்கம் எதிர்வீட்டோடு நின்றுவிட்டது, உருவம் அப்படியே இருந்தது. அதனால் "யாரையாவது தெரியுமா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "உங்கள் மாடியில் யார் இருக்கிறார்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவீர்கள், பிள்ளையின் நண்பர்கள் யார்" என்று ஆட்களின் வழியாகப் போங்கள். எங்கே பிறந்தவர்கள் என்பதைக் கடைசியில் கேளுங்கள்.

வாய் சொல்வதும் கை செய்வதும்

ரிச்சர்ட் லாப்பியர் என்ற சமூகவியலாளர் 1930 வாக்கில் ஓர் இளம் சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுக்க காரில் சுற்றினார். சீனர்களின் வருகையைச் சட்டமே தடுத்திருந்த காலம். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்தார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு, "சீனர்களை ஏற்பீர்களா?" என்று கடிதம் எழுதினார். பதில் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் மாட்டோம் என்றார்கள். கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்று கல்லாவில் நின்றவரும் ஒரே ஆளா என்ற சந்தேகம் நியாயமானது. ஆனாலும் 'சீனர்' என்ற சொல்லுக்கு எழுதிய பதிலையும், எதிரில் சிரித்துக்கொண்டு நின்ற இருவருக்குக் கொடுத்த அறையையும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தக் காலத்தில் பிசகு பெரும்பாலும் மறுபக்கம்: மனதில் இருப்பதைவிட மென்மையாகப் பேசுவார்கள். அதைக் குறைக்க முடியும். கணவரோ மாமியாரோ பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் அட்டைகளை வாங்கிக்கொண்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கேட்கிறவரே குடியேறியவர் போலத் தெரிந்தால் பதில் மாறும்; அவரை அனுப்பக் கூடாது என்று சொல்லவில்லை, யார் கேட்டது என்பதைத் தாளில் எழுதுங்கள். முகத்தை அசைக்காதீர்கள். நான் ஆரம்பத்தில் தலையாட்டிக்கொண்டே கேட்பேன், மரியாதைக்காக. என் தலையாட்டலுக்கு ஏற்ற மாதிரி பதில் வருவது தெரிய இரண்டு வருடம் ஆனது.

நேரடியாகக் கேட்க முடியாததற்குப் பட்டியல் முறை உண்டு. பாதிப் பேருக்கு மூன்று சாதாரண வாக்கியங்கள், மீதிப் பேருக்கு அதே மூன்றோடு "குடியேற்றத்தை அடியோடு நிறுத்த வேண்டும்" என்பதும் சேர்த்து நான்கு. எவை என்று சொல்ல வேண்டாம், எத்தனையோடு ஒத்துப்போகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்பீர்கள். இரண்டு பாதிகளின் சராசரிக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் நான்காவது வாக்கியத்துக்குக் கிடைத்த ஆதரவு. தனி ஒருவர் என்ன நினைத்தார் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் பயம் இருக்காது. நூற்றுக்கணக்கான பேரிடம் கேட்டால்தான் இது பயன்படும். பத்து வீட்டுக்கு வேலைக்கு ஆகாது.

திசையும் சூடும்

ஒரே ஆட்களிடம் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்ட ஆய்வுகளில் குடியேற்றத்தைப் பற்றிய அடிப்படை மனநிலை வியக்கும் அளவு மாறாமல் இருக்கிறது. இளமையிலேயே உறைந்துவிடுகிறது போலும். படித்தவர்கள் இணக்கமாக இருப்பார்கள் என்பது எல்லாக் கணிப்பிலும் தெரியும். ஆனால் படிப்புதான் அதைச் செய்கிறதா? சுவிட்சர்லாந்தில் இளைஞர்களைத் தொடர்ந்து பின்பற்றிப் பார்த்தபோது, படிப்பு ஏற ஏற மனம் பெரிதாக மாறவில்லை. மேற்படிப்புக்குப் போனவர்கள் போவதற்கு முன்பே வேறு மாதிரி இருந்தார்கள். பட்டம் இல்லாதவர் வீட்டுக்குப் போகும்போது ஒரு முன்முடிவோடு போகாதீர்கள்.

அப்படியென்றால் தேர்தல்களில் ஏன் இந்தக் கொந்தளிப்பு? மேற்கு ஐரோப்பாவில் 2002 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சமூகக் கணிப்பை வைத்துப் பார்த்தவர்கள் சொல்வது: மக்கள் பொதுவாக எதிர்ப்பை நோக்கி நகரவில்லை, ஏற்கெனவே எதிர்ப்பாக இருந்தவர்களுக்கு அந்த விஷயம் திடீரென்று மிக முக்கியமாகிவிட்டது. ஆகவே எப்போதும் இரண்டு கேள்வி கேளுங்கள், "என்ன நினைக்கிறீர்கள்?", "இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?" இரண்டாவதற்கு "போன மாதம் இதைப் பற்றி யாரிடமாவது பேசினீர்களா?" என்று கேட்பது என் வழக்கம். அளவுகோலில் 'மிக முக்கியம்' என்று போட்டவர்களில் பாதிப் பேர் யாரிடமும் பேசியிருக்க மாட்டார்கள்.

அளவைப் பற்றிய கேள்வி மட்டும் சீக்கிரம் ஆடும். கூட்டலாமா, குறைக்கலாமா, இப்படியே இருக்கலாமா என்று கேலப் நிறுவனம் அமெரிக்கர்களை 1965 முதல் கேட்டுவருகிறது. குறைக்க வேண்டும் என்றவர்கள் 2024இல் 55 சதவீதம். எல்லையில் வருகை குறைந்து அரசின் கெடுபிடி கூடிய அடுத்த ஆண்டில் 30 சதவீதம். அவ்வளவு பேர் ஒரு வருடத்தில் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் தப்பு. 'இப்போது இருப்பதைவிட' என்று கேட்கிறோம். அந்த 'இப்போது' நகர்ந்துவிட்டது.

மனதை மாற்ற வேண்டும் என்று வருகிறவர்கள் என்னிடம் பயிற்சிக்கு வரக் கூடாது, அது வேறு தொழில். என்றாலும் ஒரு தகவல் சொல்கிறேன். ஜோஷுவா கல்லா, டேவிட் ப்ரூக்மன் இருவரும் 2020இல் வெளியிட்ட மூன்று களச் சோதனைகளில், ஏழு இடங்களில் ஏறத்தாழ 7,000 வாக்காளர்களோடு ஆட்களைப் பேசவைத்தார்கள். குடியேறியவர்களைப் பற்றியது அதில் முதல் சோதனை. அதில் வாதம் மட்டும் செய்த உரையாடல்கள் எதையும் அசைக்கவில்லை. தீர்ப்புச் சொல்லாமல் கேட்டு, ஒருவர் வாழ்க்கையில் நடந்ததை மற்றவருக்குச் சொல்லிக்கொண்ட உரையாடல்களின் தாக்கம் சிறியதாக இருந்தாலும் நான்கு மாதத்துக்குப் பிறகும் இருந்தது. ஓரத்தில் குந்திக்கொண்டு கேட்பதற்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால் என் தாள்களை இன்னும் சந்தேகத்தோடு பார்த்திருப்பேன். நானும் கேட்டுக் கேட்டு எத்தனை பேரைக் கொஞ்சம் நகர்த்திவிட்டேனோ!

கதவு மூடிய பிறகு படிக்கட்டில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். அடுத்த வீட்டு மணியை உடனே அடிக்காதீர்கள். அவர் சொன்ன உருவம், மாற்றிய சொல், அட்டையைப் பார்த்து முணுமுணுத்தது, நடுவில் யார் வந்தது எல்லாவற்றையும் ஓரத்தில் எழுதுங்கள். ஓட்டுநர் தாளில் நான் 'இல்லை' என்பதை மாற்றவில்லை, அவர் பதில் அதுதான். ஓரத்தில் 'சாவி' என்று எழுதினேன். தகவல் ஏற்றும் பிரிவிலிருந்து மறுநாள் போன் வந்தது, சாவி என்பதற்கு எந்தக் குறியீட்டு எண் போடுவது என்று.